விட்டு வெளியேற வழி இருக்கிறதா?

2021 மார்ச் 10-ஆம் தேதி, நள்ளிரவைத் தாண்டிய சிறிது நேரத்தில், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீப்பற்றியது. ஐந்து மாடிகள் கொண்ட அந்தக் கட்டடம் முழுவதும் அழிந்தது. பக்கத்துக் கட்டடத்திலும் சில அறைகள் பாழாயின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சுமார் 36 லட்சம் இணையதளங்கள் முடங்கியதாக நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. பிரெஞ்சு அரசின் திறந்த தரவுத் தளம் முதல் சிறு வியாபாரிகளின் கடைகள்வரை அதில் அடக்கம். ரஸ்ட் என்ற இணைய விளையாட்டு, ஐரோப்பிய சர்வர்களில் இருந்த தரவை மீட்க முடியாமலே இழந்தது. நிறுவனத்தின் தலைவர் ஆக்டேவ் கிளாபா அன்று வாடிக்கையாளர்களிடம் சொன்னது, உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தைத் தொடங்குங்கள் என்பதுதான். அப்படியொரு திட்டம் தேவைப்படும் என்று அவர்களில் பலர் நினைத்திருக்கவே இல்லை. பணம் கட்டி பேக்கப் வசதி வாங்கியிருந்தவர்களிலும் சிலருக்கு, அந்த பேக்கப் அதே இடத்தில்தான் இருந்தது என்பது எல்லாம் எரிந்த பிறகே தெரிந்தது. 2023-இல் லில் நகர வணிக நீதிமன்றம் அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு நஷ்டஈடு தர உத்தரவிட்டது. தரவு எரிந்தது எரிந்ததுதான்.

வளர்ந்துவரும் தளம் ஒன்றுக்கு ஹோஸ்டிங் தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை மூன்று: எவ்வளவு இடம் கிடைக்கும், எத்தனை பேர் வந்தால் தாங்கும், மாதம் என்ன ஆகும். மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் தளம் வளர வளர, இந்த மூன்றுக்கும் இன்று கிடைக்கிற பதில் அடுத்த ஆண்டு செல்லாது. வாசகர் எண்ணிக்கை மாறும், விலை மாறும், நிறுவனமே கைமாறும். ஆகவே இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என் தளத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, இந்த நிறுவனத்தின் உதவியே இல்லாமல், வேறோர் இடத்தில் ஒரே நாளில் என்னால் எழுப்ப முடியுமா? முடியும் என்றால் எந்த ஹோஸ்டிங்கை எடுத்தாலும் பெரிய தவறு நேராது. முடியாது என்றால் எவ்வளவு விலை கொடுத்து எதை வாங்கினாலும் தளம் பிறர் கையில் இருக்கிறது. இது மிகைப்பேச்சாகத் தோன்றலாம். ஆதாரங்களைப் பார்க்கலாம்.

பெரும்பாலான தளங்கள் ஷேர்டு ஹோஸ்டிங்கில்தான் தொடங்குகின்றன. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களை வைத்து நடத்துவதால் விலை குறைவு. விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ என்று இருக்கும். அது பெரும்பாலும் வட்டில் உள்ள இடத்தையும் பேண்ட்விட்த்தையும் பற்றியது; இன்றைக்கு இரண்டும் மலிவு. உண்மையில் தட்டுப்பாடானவை பிராசசர் நேரம், நினைவகம், ஒரே சமயத்தில் ஓடக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை ஆகியவை. இவற்றுக்கு ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். கட்டுரை ஒன்று வாட்ஸ்அப்பில் பரவி ஒரே நேரத்தில் நூறு பேர் வந்து நின்றால், ‘508’ என்ற எண்ணோடு ஒரு வெள்ளைப் பக்கம் வருவது இதனால்தான். இன்னொரு வரம்பு விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கும்: மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கை. வேர்ட்பிரஸ் தளத்தில் ஒரு படம் ஏற்றினால் அதே படம் பல அளவுகளில் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. நான்கைந்து ஆண்டு ஓடிய செய்தித் தளம், இடம் ஏராளமாக மிஞ்சியிருக்கும்போதே கோப்பு வரம்பில் போய் முட்டிக்கொள்ளும். அப்போது ஹோஸ்டிங் நிறுவனம் சொல்லும் ஒரே தீர்வு அடுத்த திட்டத்துக்கு மாறுங்கள் என்பதாகத்தான் இருக்கும்.

மாறுவதற்கு முன் தளம் எதனால் திணறுகிறது என்று பார்ப்பது அவசியம். இந்த இடத்தில்தான் நம்மில் பலர் வீணாகப் பணம் கொட்டுகிறோம். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள், வாசகர் ஒவ்வொருவர் வரும்போதும் டேட்டாபேஸிடம் பல முறை கேட்டுக் கேட்டுப் பக்கத்தைப் புதிதாகச் சமைக்கிறது. ஒரு கட்டுரையை ஆயிரம் பேர் படித்தாலும் ஆயிரம் பேருக்கும் போவது ஒரே பக்கம்தான். ஒருமுறை உருவான பக்கத்தைக் கேச் செய்து அப்படியே எடுத்துக் கொடுத்தால், திணறிக்கொண்டிருந்த அதே சர்வர் பல மடங்கு வாசகர்களை அமைதியாகத் தாங்கும். படங்களைச் சுருக்குவது, தேவையில்லாத பிளக்இன்களைக் கழற்றுவது, டேட்டாபேஸில் சரியான இண்டெக்ஸ் போடுவது எல்லாம் இதே வகை வேலைகள். இவற்றைச் செய்யாமல் நான்கு மடங்கு பெரிய சர்வருக்குப் போனால், அதே சிக்கல் நான்கு மடங்கு வாடகையில் சில மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். வாசகர் ஒவ்வொருவரும் லாகின் செய்து நுழையும் தளங்களுக்கும், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கூடை காட்ட வேண்டிய விற்பனைத் தளங்களுக்கும் இந்த வழி பாதிதான் உதவும். அவற்றுக்குத் தனியாக நினைவகமும் பிராசசரும் ஒதுக்கப்பட்ட வி.பி.எஸ். கட்டாயம் வேண்டியிருக்கும். செய்தி, இலக்கியம், சமையல், கல்விக் குறிப்பு என்று படிக்கத் தரும் தளங்களுக்கோ, கேச் சரியாக இருந்தால் நடுத்தர வி.பி.எஸ். ஒன்று நெடுநாள் போதும்.

சிறிய அமைப்பு எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பொதுவெளியில் உள்ள நல்ல சான்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. உலகெங்கும் நிரலாளர்கள் அன்றாடம் திறக்கும் அந்தக் கேள்வி-பதில் தளம் 2016-இல் தன் உள்ளமைப்பை வெளிப்படையாக எழுதியது. நாளொன்றுக்கு 20 கோடிக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்துகொண்டிருந்தன. பக்கங்களை உருவாக்கித் தந்தவை 11 சர்வர்கள். அந்த 11-இலும் 2 சோதனைப் பயன்பாட்டுக்கானவை. நினைவகத்தை நன்றாகப் பயன்படுத்தி, கேச்சை அடுக்கடுக்காக வைத்து, மெதுவாக ஓடும் ஒவ்வொரு வினவலையும் தேடிப்பிடித்துத் திருத்தியதால்தான் இது சாத்தியமானது. நம் மாவட்டச் செய்தித் தளமோ ஈரோட்டு ஜவுளிக்கடையின் தளமோ இதில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பார்க்கப்போவதில்லை. வளர்ச்சியைத் தாங்குவது பெரும்பாலும் மென்பொருளின் ஒழுங்கைப் பொறுத்தது, அதை எந்த ஹோஸ்டிங்கிலும் செய்துகொள்ளலாம்.

ஹோஸ்டிங்கை மட்டுமே சார்ந்த விஷயம் தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள்கள் நேராகப் போவதுமில்லை. ஒரு சுற்றுப் போய் வர 200 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. பாதுகாப்பான இணைப்பு ஒன்றைப் புதிதாக ஏற்படுத்திப் பக்கத்தின் முதல் எழுத்தைப் பெற, வழக்கமாக மூன்று சுற்றுகள் தேவை. மலிவு என்று வர்ஜீனியாவில் சர்வர் எடுத்த தளம், மதுரை வாசகருக்கு அரை நொடிக்கு மேல் வெறும் காத்திருப்பைக் கொடுக்கிறது. மும்பையிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் டேட்டா சென்டர்கள் இருக்கும்போது இதற்கு அவசியமே இல்லை. வாசகர்கள் யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொரன்டோ என்று பரந்திருந்தால், சர்வரை இங்கே வைத்து, பக்கங்களின் நகலை வாசகருக்கு அருகிலிருந்தே தரும் ஒரு சி.டி.என்.ஐ அதற்கு முன்னால் போட்டால் போதும். தமிழ் எழுத்துகள் யூனிகோடில் ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட் பிடிப்பதால் தமிழ்த் தளங்கள் கனமாகும் என்ற கவலையும் சிலருக்கு உண்டு. அனுப்பும்போது சுருக்கப்பட்டுவிடுவதால் அந்தக் கவலை வேண்டியதில்லை. ஒரே ஒரு பெரிய படம் முழுக் கட்டுரையையும்விடக் கனமானது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, கிளவுட் இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பது. தேவைக்கேற்ப விரியும், தேவை குறைந்தால் சுருங்கும், பயன்படுத்தியதற்கு மட்டும் பணம். வளரும் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எது என்று கேட்கிறார்கள். தேர்வு முடிவு வெளியிடும் தளத்துக்கும் டிக்கெட் விற்கும் தளத்துக்கும் இது முழுக்கப் பொருந்தும். ஆண்டில் இரண்டு நாள் நூறு மடங்கு கூட்டம் வந்து பிறகு வெறிச்சோடும் தளம், ஆண்டு முழுவதும் பெரிய சர்வரைக் கட்டிக்காப்பது வீண். ஆனால் பெரும்பாலான தளங்கள் அப்படி வளர்வதில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, முன்கூட்டிக் கணிக்கக்கூடிய வேகத்தில்தான் வளர்கின்றன. அவற்றுக்கு, விரியும் வசதிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் விலை பயன்படாமலே போகிறது. பேஸ்கேம்ப், ஹே ஆகிய இணையச் சேவைகளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022 அக்டோபரில், கிளவுடை விட்டு வெளியேறப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டில் கிளவுடுக்கு மட்டும் அவர்கள் செலவழித்தது 32 லட்சம் டாலர். சுமார் 7 லட்சம் டாலருக்குச் சொந்தமாக சர்வர்கள் வாங்கி, 2023-இன் நடுப்பகுதிக்குள் மென்பொருள்களை அவற்றுக்கு மாற்றினார்கள். அதன் பின் ஆண்டு கிளவுட் செலவு 13 லட்சம் டாலராக இறங்கியது. தங்கள் பயன்பாடு நிலையானது, கணிக்கக்கூடியது, ஆகவே வாடகையைவிடச் சொந்தம் லாபம் என்பதே அவர்கள் கூறிய காரணம்.

இதைக் காட்டி எல்லோரும் சொந்த சர்வர் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் அனுபவமிக்க குழு இருந்தது. மேலும், முன்பு சொன்ன ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே 2025-இல் தன் சொந்த சர்வர்களை மூடிவிட்டு முழுமையாகக் கிளவுடுக்குப் போய்விட்டது. ஒருவர் வெளியே வந்தார், மற்றவர் உள்ளே போனார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்குவது ஒன்றுதான்: ஒரு காலத்துக்குச் சரியாக இருந்த இடம் இன்னொரு காலத்துக்குச் சரியாக இருக்கவில்லை, இருவராலும் இடம் மாற முடிந்தது. எங்கும் ஓடக்கூடிய டேட்டாபேஸ், எங்கும் ஓடக்கூடிய மென்பொருள் என்று வைத்திருந்தால் மாறுவது கடினமான வேலைதான், ஆனால் செய்யக்கூடிய வேலை. ஒரே நிறுவனத்தில் மட்டும் கிடைக்கும் தனித்த சேவைகளின் மேல் தளத்தைக் கட்டிவிட்டால், மாறுவது என்பது முழுவதையும் திரும்ப எழுதுவது. நிரல் எழுதாமல், மவுஸால் இழுத்து வைத்தே தளம் கட்டிக்கொள்ளும் சேவைகள் பலவற்றில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். எழுதியதை ஓரளவு எடுக்கலாம். வடிவமைப்பையும் உள் இணைப்புகளையும் எடுத்துக்கொண்டு வெளியேற வழியே இருக்காது. தொடங்கும்போது மிக எளிதாகத் தெரியும் அந்தப் பாதையை, ஐந்தாண்டு எழுத்து சேர்ந்த பிறகு நினைத்து வருந்தாதவர்கள் குறைவு.

வெளியேறுவதற்கும் விலை உண்டு. அமேசானின் மும்பை மையத்திலிருந்து இணையத்துக்குப் போகும் தரவுக்கு ஒரு ஜிபிக்குச் சுமார் 11 சென்ட் கட்டணம். மாதம் ஒரு டிபி படமும் வீடியோவும் வாசகர்களுக்குப் போனால் அதற்கே சுமார் நூறு டாலர். சேர்த்து வைத்த தரவை மொத்தமாக எடுத்துக்கொண்டு கிளம்பும்போதும் இதே கணக்கு ஓடியது. 2024-இன் தொடக்கத்தில் கூகுளும் தொடர்ந்து அமேசானும் மைக்ரோசாஃப்டும், வெளியேறும் வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் நடைமுறைக்கு வரவிருந்த காலம் அது. சேவை மாறும் உரிமையை அந்தச் சட்டமே வலியுறுத்துகிறது. வெளியேறும் வழி என்பது சட்டம் இயற்றிக் காக்க வேண்டிய அளவுக்கு முக்கியம் என்று அரசுகள் உணர்ந்திருக்கும்போது, தளம் நடத்துகிறவர் ஒப்பந்தத்தில் அதைத் தேடிப் படிப்பது குறைந்தபட்சக் கவனம்.

இரண்டாவது எதிர்வாதம், பெரிய நிறுவனம் விழாது என்பது. 2017 பிப்ரவரி 28-இல் அமேசானின் சேமிப்புச் சேவை வர்ஜீனியாவில் சுமார் நான்கு மணி நேரம் முடங்கியது. பராமரிப்பின்போது ஒரு பொறியாளர் கட்டளை ஒன்றைத் தவறாக உள்ளிட்டதே காரணம். எல்லாம் நலம் என்று காட்டும் பலகையைக்கூட அவர்களால் மாற்ற முடியவில்லை, ஏனெனில் அந்தப் பலகையும் அதே சேவையை நம்பியிருந்தது. 2025 அக்டோபர் 20-இல் அதே வர்ஜீனியா மையத்தில், பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில் நேர்ந்த பிழை ஒன்று உலகெங்கும் எண்ணற்ற சேவைகளை நிறுத்தியது. 99.9 சதவீத உத்தரவாதம் என்று எழுதியிருந்தாலும், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுத்துக்கிடக்க அதில் இடமுண்டு. மீறினால் கிடைப்பது அடுத்த மாத பில்லில் சிறு கழிவு. சில மணி நேர முடக்கத்தைச் சிறு தளங்கள் தாங்கிக்கொள்ளலாம், அதற்காக இரண்டு இடத்தில் தளத்தை ஓட்டுவது வீண் செலவு. தாங்க முடியாதது தரவு போவது. நிறுவனம் பெரியதா சிறியதா என்பதோடு அதற்குத் தொடர்பில்லை.

2014-இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் மூடப்பட்ட கதையை, கிளவுட் பேக்கப் போதும் என்று நம்புகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அவர்களுடைய அமேசான் கண்ட்ரோல் பேனலுக்குள் நுழைந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான். அவர்கள் கணக்கை மீட்க முயன்றதும் சர்வர்களையும் சேமிப்பையும் பேக்கப்பையும் ஒவ்வொன்றாக அழித்தான். வெளியே வைத்திருப்பதாக அவர்கள் சொல்லிவந்த பேக்கப்புகளில் பெரும்பகுதியும் அதோடு போயிற்று. நிறுவனம் தொழிலையே நிறுத்திக்கொண்டது. நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேபின் அனுபவம் வேறு வகை. 2017 ஜனவரி 31 இரவு களைத்துப்போன ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. அன்று பார்த்தால் எதுவும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு டேட்டாபேஸோடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. சுமார் 5,000 திட்டங்களின் மாற்றங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போயின. இவ்வளவையும் அந்த நிறுவனம் மறைக்காமல் எழுதி வெளியிட்டது. இணையத் தொழில்நுட்பத்தில் இருப்பவர்களுக்கு அது செய்த உதவி பெரிது.

இதிலிருந்து ஹோஸ்டிங் தேர்வுக்கு வருவது இதுதான்: டொமைன் ஒருவரிடம், தளம் ஒருவரிடம், பேக்கப் மூன்றாமவரிடம். முதல் ஆண்டு டொமைன் இலவசம் என்று ஹோஸ்டிங் நிறுவனம் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளத் தோன்றும். ஆனால் பில் தகராறு வந்து கணக்கு முடக்கப்பட்டால் பெயரும் சேர்ந்தே முடங்கும். தளத்தை வேறிடத்தில் எழுப்பினாலும் வாசகர்களை அங்கே திருப்பிவிட முடியாது. டொமைனைத் தனியான பதிவாளரிடம், தளத்தை வடிவமைத்துத் தந்தவரின் பெயரில் இல்லாமல், தளத்தின் சொந்தக்காரர் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிந்து வைப்பது ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஓராயிரத்துச் சொச்சம்வரை ஆகும் காரியம். இதைவிட மலிவான காப்பீடு கிடையாது. பேக்கப் இன்னொரு நிறுவனத்தில், இன்னொரு கடவுச்சொல்லில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதை ஒரு வெற்று வி.பி.எஸ்.ஸில் இறக்கி, தளம் உண்மையிலேயே எழுகிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வரில் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு காபிக்குக் கூட எட்டாது.

மூன்றாவது எதிர்வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. சிற்றிதழ் நடத்துகிறவர், ஊர் வரலாற்றைத் தொகுக்கும் ஆசிரியர், கைத்தறி விற்கும் கூட்டுறவுச் சங்கம் ஆகியோருக்கு லினக்ஸ் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அவர்களிடம் வி.பி.எஸ். எடுங்கள் என்பது பொறுப்பற்ற யோசனை. புதுப்பிக்கப்படாத சர்வர் சில மாதங்களில் ஸ்பேம் அனுப்பும் கூடாரமாகிவிடும். அவர்களுக்கு, நிறுவனமே சர்வரைப் பராமரிக்கும் மேனேஜ்டு ஹோஸ்டிங்தான் சரி, அதற்கு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுப்பதும் நியாயமே. அங்கும் கேள்வி மாறுவதில்லை. வேர்ட்பிரஸ் போன்ற திறந்த மென்பொருளில் தளம் இருந்தால் அது இரண்டே பொருள்கள்: ஒரு கோப்புத் தொகுப்பு, ஒரு டேட்டாபேஸ். இரண்டையும் அனுமதி கேட்காமல் தாமே இறக்கிக்கொள்ள முடிகிறதா, பேக்கப்பை மீட்டுத் தரத் தனிக் கட்டணமா, இரண்டாம் ஆண்டு ரினியூவல் விலை எவ்வளவு என்ற மூன்றையும் கேட்கக் கணினி அறிவு தேவையில்லை. முதல் ஆண்டின் கவர்ச்சி விலை ரினியூவலில் இரண்டு மூன்று மடங்காவது இந்தத் தொழிலில் சாதாரணம். விலை ஏறக் காரணம் வெளியிலிருந்தும் வரலாம். 2019-இல், ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருளைத் தரும் சிபேனல் நிறுவனம், சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைப்படி மாற்றியபோது, உலகெங்கும் சிறு ஹோஸ்டிங் நிறுவனங்கள் அந்தச் சுமையை வாடிக்கையாளர் மேல் இறக்க நேர்ந்தது.

தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சிறு தளங்களில்தான் கிடக்கிறது என்பதால் இது எனக்கு வெறும் தொழில்நுட்ப விஷயமாகத் தோன்றவில்லை. 2009-இல் யாஹூ, ஜியோசிட்டீஸ் என்ற தன் இலவசத் தளச் சேவையை மூடியபோது கோடிக்கணக்கான பக்கங்கள் ஒரே அறிவிப்பில் இடமிழந்தன. மறுபக்கத்தில், தமிழ் நூல்களை மின்வடிவில் தருவதற்காக 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். அதன் நூல்கள் எளிய கோப்புகளாக, யாரும் இறக்கி வைத்துக்கொள்ளும்படி இருந்தன. எழுத்துக் குறியீடே டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறிய பிறகும் அந்த நூல்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன.

மாறுவது என்று முடிவெடுத்தவர்கள் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பயம் பெரும்பாலும் இங்கேதான். மாற்றத்துக்கு ஓரிரு நாள் முன்பே டி.என்.எஸ். பதிவுகளின் காலவரம்பை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும். புதிய சர்வரில் முழு நகலை எழுப்பி, வாசகர்கள் அறியாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். வருகை குறைந்த பின்னிரவில் பழைய தளத்தில் எழுதுவதை நிறுத்தி, டேட்டாபேஸின் கடைசி நகலைக் கொண்டுபோய், முகவரியைத் திருப்ப வேண்டும். மின்னஞ்சலும் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருக்கிறதா என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும். தளத்தைச் சரியாக மாற்றிவிட்டு அஞ்சல்பெட்டிகளைத் தொலைத்தவர்கள் ஏராளம். பழைய கணக்கை உடனே மூடாமல் இன்னொரு மாதத்துக்குப் பணம் கட்டி வைத்திருப்பது நல்லது. விடுபட்ட படக்கோப்புகள், எங்கோ மறைந்திருந்த தானியங்கி வேலைகள், பழைய முகவரியை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் கட்டணச் சேவை எல்லாம் தலைகாட்டுவது அந்த ஒரு மாதத்தில்தான்.